ஸ்டவ் வெடித்து மரணம்: ஒரு வீட்டுச் சாதனமும் அது மறைத்தவையும்

1902ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழியாகச் சென்று கோலார் தங்கவயலின் எந்திரங்களை இயக்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டில், அதே நீர்மின்சாரம் பெங்களூரின் தெருவிளக்குகளை ஒளிரச் செய்தது. இந்நகரத்தின் நவீனகால வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த விளக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். மைசூர் சமஸ்தானத்தின் தொலைநோக்கு, திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சி, பொறியாளர் ஜோலி த லோத்பினியேரின் திட்டம் ஆகியவை அவ்வரலாற்றில் தத்தம் இடத்தைப் பெற்றுவிட்டன.

ஏறத்தாழ அதே காலகட்டத்தில் இந்திய நகரங்களின் வீடுகளுக்குள் வேறொரு புதுமையும் நுழைந்தது. அதற்குத் திறப்புவிழா நடக்கவில்லை; அடிக்கல்லும் கிடையாது. கடையில் விலைகொடுத்து வாங்கிக் கையில் தூக்கிவரக்கூடிய அந்தப் பித்தளைச் சாதனம் பம்ப் ஸ்டவ் ஆகும். சமையலறையின் வரலாற்றில் அது உண்டாக்கிய மாற்றம் பெரிது. அது விளைவித்த மரணங்களும், அதன் பெயரால் மறைக்கப்பட்ட மரணங்களும் வரலாற்றெழுத்தில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

மண்ணெண்ணெயைத் தமிழர் 'சீமெண்ணெய்' என்றும் கன்னடர் 'சீமே எண்ணெ' என்றும் அழைத்தனர். சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது முதலில் விளக்கெரிக்கவே வந்தது. ஆமணக்கெண்ணெய் விளக்கைவிட அதன் ஒளி கூடுதல், விலையும் குறைவு. எண்ணெய் வந்த தகர டின்கள்கூட வீணாகவில்லை. தண்ணீர் சுமக்கவும் தானியம் அளக்கவும் கூரை வேயவும் அவை பயன்பட்டன. விளக்கெண்ணெயாக வீட்டுக்குள் வந்த அந்த எரிபொருளைச் சமையலுக்குரியதாக மாற்றிய கருவி சுவீடனில் உருவாயிற்று. 1892ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய திரியில்லாத, புகையற்ற அடுப்பு 'பிரைமஸ்' என்ற வணிகப் பெயருடன் உலகெங்கும் பரவியது. துருவப் பயணிகளின் கூடாரங்களிலும் மலையேறிகளின் மூட்டைகளிலும் அது இடம்பெற்றது. இந்திய நகரங்களில் அவ்வகை அடுப்புகள் அனைத்துக்கும் 'பிரைமஸ்' என்பதே பொதுப்பெயராக நிலைத்தது.

அதன் இயக்கம் எளியது; ஆபத்தும் அந்த எளிமைக்குள்ளேயே இருந்தது. அடியிலுள்ள கலத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி மூடியைத் திருகவேண்டும். பர்னரைச் சூழ்ந்த சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, குழாய்களைச் சூடேற்றவேண்டும். குழாய் போதிய சூடு அடைந்தபின் பம்பை அடித்துக் கலத்தினுள் காற்றழுத்தத்தை உயர்த்தினால், எண்ணெய் மேலேறிச் சூட்டில் ஆவியாகி, நுண்துளை வழியே பீறிட்டு நீலச் சுடராக எரியும். விறகடுப்பின் புகையில் கண்ணெரிந்து சமைத்தவர்களுக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் இந்த வரிசையில் ஒரு படி பிசகினாலும் விளைவு வேறாகிவிடும். குழாய் சூடேறும் முன்னரே பம்பை அடித்தால், ஆவிக்குப் பதிலாகத் திரவ எண்ணெயே தீப்பற்றிப் பீச்சியடிக்கும். நுண்துளையில் கரி அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்திச் சரிசெய்வது வழக்கம். அப்போது கைகளும் முகமும் சுடருக்கு மிக அருகில் இருக்கும். அடுப்பு சூடாக இருக்கையில் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால் ஆவி தீப்பற்றும். வாஷர் தேய்ந்தாலும், பற்றவைத்த இணைப்பு விட்டுப்போனாலும், பாதுகாப்பு வால்வு இல்லாத மலிவான போலிகளை வாங்கினாலும், கலமே கிழியக்கூடும். மண்ணெண்ணெயில் பெட்ரோல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள் கலந்திருந்தால் இவை அனைத்தும் பன்மடங்கு கொடியவையாகும். 'ஸ்டவ் வெடித்தது' என்ற ஒற்றைத் தொடருக்குள் இப்படி வெவ்வேறான பல நிகழ்வுகள் அடங்கியுள்ளன. கலம் உண்மையில் வெடிப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே.

இதனுடன் சமையலறையின் அமைப்பையும் சேர்த்து நோக்கவேண்டும். தென்னிந்திய வீடுகளில் அடுப்பு தரையில் இருந்தது. சமைப்பவர் குந்தியோ அமர்ந்தோ சமைத்தார். விறகடுப்பின் தீ மண்சுவர்களுக்குள் அடங்கியிருந்தது. பம்ப் ஸ்டவ்வின் சுடருக்கு அத்தகைய சுவர் இல்லை. சேலைத் தலைப்பு அதன்மீது சரிவதற்கு ஒரு கணம் போதும். பிற்காலத்தில் நைலானும் பாலியெஸ்டரும் பரவியபோது, தீப்பற்றிய துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் கொடுமையும் சேர்ந்துகொண்டது.

புதிய தொழில்நுட்பங்களின் ஆபத்தை அக்காலச் சட்டங்கள் அறியாதிருந்தன எனச் சொல்ல இயலாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மின்சாரத்தின் ஆபத்திலிருந்து உயிரையும் உடைமையையும் காக்க 1887ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்வந்த 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், மின்சாரத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் அதனை அறிவிக்கவேண்டும் என்று விதித்து, மின் ஆய்வாளர் என்னும் பதவிக்கும் இடமளித்தது. 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் ஐந்து காலன் கொள்ளளவுக்கு மேற்பட்ட நீராவிக் கலங்களைப் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தியது. அதே ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பணியிடத்தில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கியது. பெட்ரோலியச் சட்டங்கள் எண்ணெயின் இறக்குமதி, போக்குவரத்து, சேமிப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தின. எந்த வெப்பநிலையில் எண்ணெயின் ஆவி தீப்பற்றும் என்பதைச் சோதித்துத் தரம்பிரித்தன.

இச்சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் இடைவெளி தெளிவாகப் புலப்படும். அழுத்தம் ஆபத்தானது என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. ஆனால் தொழிற்சாலையின் கொதிகலனில் மட்டுமே அதனைக் கண்டது. எண்ணெய் ஆபத்தானது என்பதையும் அறிந்திருந்தது. துறைமுகத்திலும் கிடங்கிலும் அதனைத் தேடியது. உழைப்பின்போது நேரும் மரணத்துக்கு ஈடு தரவேண்டும் என்பதையும் ஏற்றது. கூலிபெறும் உழைப்பையே உழைப்பாகக் கருதியது. சமையலறையில் ஒரு பெண், அழுத்தமேற்றிய எண்ணெய்க் கலத்தை நாள்தோறும் இருமுறை மூன்றுமுறை இயக்கினாள். அழுத்தம், எண்ணெய், உழைப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடியிருந்தன. ஆயினும் எந்த ஆய்வாளரின் எல்லைக்குள்ளும் அவ்விடம் வரவில்லை.

மின்சாரத்துக்கு ஒரு முகவரி இருந்தது என்பதையும் இங்கே கருதவேண்டும். கம்பி ஒரு துறையின் உடைமை. அளவி ஒரு கணக்கில் பதிவானது. விபத்து நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதில் ஐயமில்லை. ஸ்டவ் ஒரு கடையிலும் எண்ணெய் வேறொரு கடையிலும் வாங்கப்பட்டன. பழுதுபார்த்தவர் தெருவில் வந்துபோன கைவினைஞர். மரணம் நேர்ந்தபோது பொறுப்பேற்க எஞ்சியவர் இறந்தவர் ஒருவரே. அவருடைய 'கவனக்குறைவு' காரணமாக எழுதப்பட்டது.

வீட்டுச் சாதனம் ஒன்றின் மறைந்த ஆபத்து எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு அதே காலத்து இங்கிலாந்து ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. கம்பளித்துணிபோலத் தோன்றும்படி நெய்தபின் பஞ்சிழைகளைக் கிளப்பிவிட்ட 'ஃபிளானலெட்' என்ற மலிவான பருத்தித்துணி அங்கே ஏழைக் குழந்தைகளின் இரவு உடையாகப் பரவியது. கணப்பின் பொறி பட்டால் அதன் மேற்பரப்பு நொடியில் தீப்பற்றும். திடீர் மரணங்களை விசாரிக்கும் கரோனர் நீதிமன்றங்களில், இறந்த குழந்தை என்ன துணி அணிந்திருந்தது என்பது திரும்பத் திரும்பப் பதிவாயிற்று. அப்பதிவுகள் பொதுவிவாதமாயின. வேதியியலர் இளைய வில்லியம் ஹென்றி பெர்கின் தீ எளிதில் பற்றாத ஃபிளானலெட்டை உருவாக்க முனைந்தார். தரநிலைக்கு உட்படாத துணியைத் 'தீப்பற்றாதது' என விற்பதை 1913ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. பிற்காலத்தில், கையால் நகர்த்தக்கூடிய எண்ணெய்க் கணப்புகளால் தீவிபத்துகள் நேர்ந்தபோதும் 1960ஆம் ஆண்டில் அவற்றுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. சட்டங்கள் முழுமையானவையாக இருந்தனவா என்பது வேறு கேள்வி. இறந்தவரின் பழக்கத்தைக் குறிப்பதோடு நில்லாமல் அவரைக் கொன்ற பொருளையும் விசாரணை பெயர்சொல்லிப் பதிந்தது என்பதே இங்கே கருதத்தக்கது.

பெங்களூரிலும் பொருளின் பெயர் பதியப்பட்டது. 'ஸ்டவ் வெடித்து மரணம்' என்பதைக் காட்டிலும் வெளிப்படையாக ஒரு பொருளைக் குற்றஞ்சாட்டும் தொடர் இருக்கமுடியாது. வியப்பு என்னவெனில், அவ்வளவு முறை குற்றஞ்சாட்டப்பட்ட அந்தப் பொருள் மிக அரிதாகவே சோதிக்கப்பட்டது.

1970களின் இறுதியில் இத்தொடரின்மீது முதல் ஐயம் எழுந்தது. புதிதாக மணமான பெண்கள் அடுத்தடுத்துத் தீயில் இறப்பதையும், ஒவ்வொரு மரணத்துக்கும் ஸ்டவ் காரணமாகச் சொல்லப்படுவதையும் எதிர்த்து 1979இல் தில்லியில் பெண்கள் வீதிக்கு வந்தனர். அதே ஆண்டில் பெங்களூரில் 'விமோசனா' என்ற பெண்ணுரிமை அமைப்பு தோன்றியது. அடுத்துவந்த ஆண்டுகளில் அவ்வமைப்பினர் செய்த பணி, வரலாற்றாய்வாளர் ஆவணக்காப்பகத்தில் செய்யும் பணியை ஒத்தது. நகரில் பெண்களின் இயற்கைக்கு மாறான மரணங்களைக் காவல்நிலையப் பதிவுகளின்வழித் தொடர்ந்து திரட்டினர். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் படுத்திருந்த பெண்களையும் அவர்தம் பெற்றோரையும் சந்தித்தனர். காவல்துறை ஒரு மரணத்தைக் கொலை, தற்கொலை, விபத்து என்ற வகைகளுள் ஒன்றில் வைத்து முடிக்கும் முறையையே அவர்கள் கேள்விக்கு உட்படுத்தினர். 'விபத்து' என்ற கட்டத்தில் குவிந்திருந்த சமையலறை மரணங்களின் மிகுதி 1990களில் பொதுவிவாதத்துக்கு வந்தது.

அப்பதிவுகளை நோக்கி எழுந்த கேள்விகள் எளியவை. சமையலறையில் ஸ்டவ் வெடிக்கிறது என்றால், மாமியாரும் நாத்தனாரும் புழங்கும் அதே அறையில் மருமகள் மட்டும் இறப்பது ஏன்? வெடித்த ஸ்டவ் எங்கே? அதன் கலம் கிழிந்திருக்கிறதா? பர்னரில் எரிந்த தடம் உண்டா? எண்ணெய் எவ்வளவு எஞ்சியிருந்தது? தடயவியல் இவற்றுக்கு விடைதேடும் வழிகளை அறிந்தே இருந்தது. தரையிலுள்ள அடுப்பிலிருந்து தீ பற்றினால் பெரும்பாலும் கைகள், தொடை, உடலின் முன்புறக் கீழ்ப்பகுதி ஆகியவையே முதலில் எரியும். தலைமீது எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தால் தலைமுடியிலும் மேலுடலிலும் அதன் தடம் இருக்கும். மகஜர் எழுதுவோர் ஸ்டவ்வைக் கைப்பற்றி ஆய்வுக்கு அனுப்பினால் வாக்குமூலத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வாறு செய்யாதவிடத்து, சாகக்கிடக்கும் பெண் சொல்லும் சொற்களே ஒரே சான்றாயின. கணவன் வீட்டார் சூழ்ந்திருக்க, குழந்தைகளை யார் வளர்ப்பார் என்ற அச்சத்துடன் சொல்லப்பட்ட சொற்கள் அவை. முதலில் விபத்து என்றுரைத்துப் பின்னர் வேறு கூறிய பெண்களும் இருந்தனர். இருவேறு வாக்குமூலங்களுக்கு இடையே வழக்குகள் நொறுங்கின.

சட்டம் மெல்ல மாறியது. 1983ஆம் ஆண்டின் திருத்தம், கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவின்கீழ்க் குற்றமாக்கியது. மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஐயத்துக்குரிய வகையில் பெண் இறந்தால் உடற்கூறாய்வும் நடுவர் விசாரணையும் நடைபெற வழிசெய்தது. 1986ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 304ஆ பிரிவு 'வரதட்சிணை மரணம்' என்பதை வரையறுத்தது. அவ்வரையறை மரணத்தின் வகைகளைச் சொல்லும்போது முதலில் குறிப்பது தீக்காயத்தையே. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் சமையலறையின் தீ அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இவ்வரலாற்றைக் கொலையின் வரலாறாக மட்டும் படிப்பதும் பிழையாகும். பம்ப் ஸ்டவ் உண்மையாகவே ஆபத்தானது. ஒற்றையறை வீட்டில், தரமற்ற ஸ்டவ்வில், கலப்பட எண்ணெயில் சமைத்து இறந்த பெண்கள் எண்ணற்றோர். இந்தியத் தரநிலை அமைப்பு பம்ப் ஸ்டவ்வுக்கெனத் தரநிலை வகுத்திருந்தும், சந்தையில் முத்திரையில்லாத மலிவுச் சரக்கு தாராளமாகப் புழங்கியது. இங்கேதான் இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று மறைத்தன. ஸ்டவ்வின் இயல்பான ஆபத்து, கொலைகாரர்களுக்கு நம்பத்தக்க கதையை அளித்தது. ஸ்டவ்கள் வெடிப்பதுண்டு என்பதை எல்லாரும் அறிந்திருந்ததனால் அக்கதையை யாரும் துருவிக் கேட்கவில்லை. மறுபுறம், சமையலறைத் தீ என்றாலே அது குடும்ப விவகாரம் என்ற எண்ணம் வேரூன்றியபின், பழுதான ஸ்டவ்வைச் செய்தவரையும் கலப்பட எண்ணெயை விற்றவரையும் தேட முனைப்பு எழவில்லை. கொலை விபத்தாகவும், விபத்து விதியாகவும் கோப்பில் முடிந்தன. இருவகை மரணத்துக்கும் தேவைப்பட்ட ஆய்வு ஒன்றே: ஸ்டவ்வைத் திறந்து பார்ப்பது.

எவ்வளவு மறைந்தது என்பதை 2009ஆம் ஆண்டில் 'தி லான்செட்' இதழில் பிராச்சி சங்வி, கவி பல்லா, வீணா தாஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகிறது. 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயினால் இறந்தோர் ஏறத்தாழ 1,63,000 பேர் என அவர்கள் மதிப்பிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1,06,000 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், பெண்கள். அவர்களுள்ளும் 15 முதல் 34 வயதுக்குட்பட்டோரே மிகுதி. அவ்வயதில் ஓர் ஆண் தீயில் இறந்தால் மூன்று பெண்கள் இறந்தனர். காவல்துறைப் பதிவுகள் காட்டியதைப்போல் ஏறத்தாழ ஆறுமடங்கு அந்த எண்ணிக்கை. கருவியின் பழுதுக்கு இளம்பெண் யார், முதியவள் யார் என்று தெரியாது. சமையற்பொறுப்பு யார்மீது விழுகிறது என்பது இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கலாம். எஞ்சிய பகுதியை விளக்கக் குடும்பத்துக்குள் அதிகாரம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பதை நோக்கியே ஆகவேண்டும்.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர்க்கு இதிலிருந்து முறையியல் சார்ந்த ஒரு பாடம் கிடைக்கிறது. கண்டுபிடிப்பொன்றின் ஆபத்தை அதன் வடிவமைப்பில் மட்டும் தேடுவது போதாது. அது எந்த அறைக்குள் செல்கிறது, யார் கையில் இருக்கிறது, அது தவறும்போது யார் எழுதுகிறார், எழுதியதை யார் சரிபார்க்கிறார் என்பனவும் அதன் ஆபத்தின் கூறுகளே. லிண்ட்குவிஸ்டின் பட்டறையில் அந்த அடுப்புக்கு இல்லாத ஓர் ஆபத்து, வரதட்சிணையும் மௌனமான கோப்புகளும் நிறைந்த சமூகத்தில் அதற்கு வந்துசேர்ந்தது.

இன்று பெங்களூரின் வீடுகளில் பம்ப் ஸ்டவ்வைக் காண்பது அரிது. திரி ஸ்டவ்வும் அதன்பின் எரிவாயு அடுப்பும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன; நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயும் சுருங்கிவிட்டது. செய்தித்தாள்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற தலைப்பும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டிலும் நாட்டில் 6,000க்கும் மேற்பட்ட வரதட்சிணை மரணங்கள் பதிவாயின. 304ஆ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஸ்டவ் போனபின்னும் அம்மரணங்கள் நிற்கவில்லை என்பதே, பழைய கோப்புகளில் 'விபத்து' என்று முடிக்கப்பட்டவற்றை மீண்டும் படிக்கவேண்டியதன் தேவையைச் சொல்கிறது.

1905ஆம் ஆண்டின் தெருவிளக்குக்கு நூற்றாண்டு விழா எடுக்க ஆவணங்கள் இருந்தன. சமையலறையின் வரலாற்றை எழுத எஞ்சியிருப்பவை மருத்துவமனைப் பதிவேடுகளும் காவல்நிலைய மகஜர்களும் பெண்ணமைப்புகள் திரட்டிய குறிப்புகளும் மட்டுமே. பதிவேடுகள் காலப்போக்கில் அழிக்கப்படும். நினைவில் வைத்திருப்போரும் மறைவர். அவற்றைத் திரட்டிக் காப்பதும், 'ஸ்டவ் வெடித்து' என்ற தொடர் வரும் ஒவ்வோரிடத்திலும் அந்த ஸ்டவ் என்னவாயிற்று என்று கேட்பதும் இத்துறை மாணவர் முன்னுள்ள பணிகள்.